"எனக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை, டாக்டர்"

எங்கள் பிரிவில் நெஃப்ராலஜி ஃபெலோஷிப்புக்கு (சிறுநீரக மருத்துவ மேற்பயிற்சிக்கு) இந்தத் தடவை ஐந்து பேரை இண்டர்வியூ செய்தோம். இடம் ஒன்றுதான். ஐந்து பேரிடமும் கேட்ட கேள்விகளில் ஒன்று இது: "நீங்கள் செய்த சிகிச்சையில் தவறிப்போன ஒன்றைச் சொல்லுங்கள்." மூன்று பேரின் பதில் தலைப்பில் இருக்கிறது. மூன்றாவது ஆள் சொன்னபோது என் பக்கத்தில் இருந்த பேராசிரியை பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டார். அதற்குமேல் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மூன்றாவது ஆள் நான்கு வருடம் ரெஜிஸ்ட்ராராக, அதாவது ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி மருத்துவராக, இருந்தவர். இரவுப் பணியில் எத்தனை பேர் கழுத்தில் டயாலிசிஸ் குழாய் போட்டிருப்பார்! ஒன்றுகூடத் தவறவில்லை என்றால், அவர் போட்டதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், போட்டுவிட்டு மறுநாள் போய்ப் பார்த்ததே இல்லை.

நம் பிள்ளைகள் ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த புதிதில் இதையேதான் சொன்னேன், இடமும் கிடைக்கவில்லை. வைவாவில் வாய் தடுமாறினால் மார்க் போய்விடும் என்று பழகியவர்கள் நாம். தப்பை ஒத்துக்கொண்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எம்.பி.பி.எஸ். முதல் வருடத்திலேயே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. இங்கேயே பிறந்து, இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த பிள்ளைகளும் இதற்கு விலக்கில்லை. வீட்டில் ரிப்போர்ட் கார்டு நீட்டிய பழக்கம் கடல் தாண்டியும் வந்திருக்கிறது.

ஃபெலோஷிப் இண்டர்வியூ பரீட்சை இல்லை. திரும்பச் சொல்கிறேன், பரீட்சை இல்லை. உங்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் என்ன கொடுக்க வேண்டும் என்று தெரியும், தெரியாமல் எஃப்.சி.பி. என்ற பொது மருத்துவ ஸ்பெஷலிஸ்ட் பரீட்சையைப் பாஸ் செய்திருக்க மாட்டீர்கள். அதைச் சோதிக்கும் வேலையை அந்தப் பரீட்சையை நடத்தும் மருத்துவக் கல்லூரிகள் அமைப்பு ஏற்கெனவே செய்துவிட்டது, கட்டணமும் வாங்கிக்கொண்டது. நாங்கள் பார்ப்பது வேறு. அடுத்த இரண்டு வருடம் இரவு இரண்டு மணிக்கு என்னைப் போனில் எழுப்பப் போகிறவர் யார்? ரத்தம் நிற்கவில்லை என்றால் உடனே கூப்பிடுவாரா, தானே சமாளித்துக்கொள்ளலாம் என்று விடியும்வரை மறைப்பாரா? இதுவரை எதுவும் தவறவில்லை என்பவரைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

மார்க் கணக்காகப் பார்த்தாலும் இந்தப் பதில் நஷ்டம்தான். அரசுப் பணி இண்டர்வியூவில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள். ஒவ்வொருவரும் தனித்தனியாக மார்க் போடுகிறோம், மனிதவளப் பிரிவு அம்மா கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். என்ன நடந்தது, அப்போது என்ன செய்தீர்கள், நோயாளியிடம் என்ன சொன்னீர்கள், அப்புறம் எதை மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் உண்டு. "நடந்ததில்லை" என்று சொல்லிவிட்டால் நான் எங்கே மார்க் போடுவது?

கொஞ்ச காலம் முன்பு இதே இண்டர்வியூவுக்கு ஒரு பெண் மருத்துவர் வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நள்ளிரவு, மூச்சுத் திணறலோடு ஒரு பெரியவர், உடனே டயாலிசிஸ் தேவை. அல்ட்ராசவுண்ட் மெஷின் வேறு வார்டில். வரும்வரை காத்திருக்காமல் கைக்கணக்கில் ஊசி போட்டிருக்கிறார். வந்த ரத்தம் பிரகாசமான சிவப்பு, துடித்துக்கொண்டு வந்தது. சிரைக்குப் பதில் ஊசி கழுத்துத் தமனியில் (கரோட்டிட்) போய்விட்டது. "பெரிய குழாயை ஏற்றும் முன்பே நிறுத்திவிட்டேன், டாக்டர். இருபது நிமிடம் அமுக்கிப் பிடித்தேன். கழுத்தில் எலுமிச்சை அளவு வீக்கம். கன்சல்டன்ட்டைக் கூப்பிட்டேன். விடிந்ததும் பெரியவரின் மகனிடம் நர்ஸை வைத்து ஸூலுவில் சொன்னேன், மெஷினுக்குக் காத்திருக்காதது என் முடிவு என்றும் சொன்னேன்." அந்த வாரமே, சிகிச்சையில் நேர்ந்த பாதிப்புகளையும் மரணங்களையும் அலசும் எம் அண்ட் எம் கூட்டத்தில் தானே அந்தக் கேஸை வைத்திருக்கிறார். அதன்பிறகு பணிக்கு வந்ததும் முதலில் மெஷின் எந்த வார்டில் என்று பார்த்துப் பலகையில் எழுதுவது வழக்கமாகிவிட்டதாம். குரல் நடுங்கியது. அதற்கு மார்க் குறைக்க எங்கள் தாளில் இடம் இல்லை. இடம் அவருக்குத்தான்.

இன்னொரு கேள்வி: "டயாலிசிஸுக்கு இடமில்லை என்று நோயாளியிடம் எப்படிச் சொல்வீர்கள்?" உடனே நெறிமுறைப் புத்தகத்தை ஒப்பிக்கிறார்கள். நான்கு கொள்கைகள், வரிசை தவறாமல். இந்த ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு முகம் இருக்கிறது. தியாகராஜ் சுப்பிரமணி, 41 வயது, சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகம் செயலிழந்தவர். டர்பன் அரசு மருத்துவமனையில் நிரந்தர டயாலிசிஸ் மறுக்கப்பட்டு அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போனார். இருக்கும் மெஷின்கள் எல்லோருக்கும் போதாது, யாருக்கு என்பதை மருத்துவமனை விதிப்படி முடிவு செய்யலாம் என்று 1997 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சில நாட்களில் அவர் காலமானார். நம் சனத்தில் ஒருவர். இங்கே அரசு டயாலிசிஸ் யூனிட்டில் வேலை கேட்டு வருகிறவருக்கு இந்த வழக்குத் தெரியாவிட்டால் எனக்குக் கோபம் வருவது நியாயம்தானே?

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். இங்கே புலம்பலாகத்தான் எழுத வரும். அரசு வேலை விண்ணப்பமான இசட்-83 படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்து இல்லாத படிவம் எங்கள் மேஜைக்கே வராது. 2021 ஜனவரியில் புதுப் படிவம் வந்துவிட்டது, அண்ணன் கொடுத்த பழைய ஃபைலில் இருப்பதை நிரப்பாதீர்கள். சான்றிதழ் நகல்களுக்கு முத்திரை வாங்கப் போலீஸ் ஸ்டேஷன் வரிசையில் நிற்பதெல்லாம் இண்டர்வியூப் பட்டியலில் பெயர் வந்தபிறகு போதும். ஒன்பதாம் வகுப்புக் கராத்தே சான்றிதழ் எப்போதுமே வேண்டாம்.

ஸ்பெஷலிஸ்ட் ஆவதற்கான எம்.மெட். பட்ட ஆய்வேட்டை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள், தயவுசெய்து. பரீட்சை பாஸ், ஆய்வேடு பாதியில் என்றால் மருத்துவர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான ஹெச்.பி.சி.எஸ்.ஏ.யில் ஸ்பெஷலிஸ்ட் பதிவு கிடையாது. பதிவு இல்லாமல் நாங்கள் ஆசைப்பட்டாலும் எடுக்க முடியாது. முடித்தவர்கள் இண்டர்வியூவுக்கு முந்தின இரவு அதை எடுத்து ஒருதரம் படியுங்கள். தன் ஆய்வில் எத்தனை நோயாளிகள் என்று கேட்டதற்கு, "சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும்" என்றார் ஒருவர். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வர நினைப்பவர்கள் எபிக் (வெளிநாட்டு மருத்துவச் சான்றிதழ்) சரிபார்ப்பை இப்போதே ஆரம்பியுங்கள். விளம்பரம் வந்தபின் ஆரம்பித்தால் கடைசித் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது.

"ஆள் ஏற்கெனவே முடிவாகிவிட்டது" என்ற பேச்சும் காதில் விழுகிறது. முன்பு வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு வாய்ப்புத் தரும் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் கணக்கில் வரும், அது விளம்பரத்திலேயே அச்சாகியிருக்கிறது, மறைவில்லை. மற்றபடி, ரெஜிஸ்ட்ராராக இருந்தபோதே எங்கள் வாராந்திரக் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டவரை எங்களுக்குத் தெரியத்தான் செய்யும். அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, டீயும் உண்டு.

சிபாரிசு மட்டும் வேண்டாம். ஈஸ்டர் சமயம் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் கூட்டத்தில் ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எங்க பையன் ஒங்ககிட்டதான் இண்டர்வியூக்கு வர்றான், ஒரு வார்த்தை சொல்லுங்க." கையில் மஞ்சள் பூசிய கவர், உள்ளே சீ.வி. வேறு வழியில்லாமல் அதை மனிதவளப் பிரிவில் எழுதிக் கொடுத்தேன். பையனின் முறை வந்தபோது என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த அறையில் அவன்மேல் கொஞ்சம் பிரியம் வைத்திருந்திருக்கக்கூடிய ஒரே ஆள் வராந்தாவில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

முடிவு வெளியானபிறகு அந்த மூன்று பேரில் ஒருவர் போன் செய்தார். எங்கே விட்டேன், டாக்டர் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நிஜமா ஒண்ணு நடந்தது, டாக்டர்" என்று ஆரம்பித்து, இரண்டாம் வருடத்தில் ஒரு பெண்ணுக்கு மருந்தளவு தவறியதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் எவ்வளவு என்பது இன்னும் நினைவில் இருந்தது அவருக்கு. அடுத்த விளம்பரத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். படிவத்தில் கையெழுத்தைச் சரிபார்க்கவும் சொன்னேன்.