"அவ்வப்போது" என்றால் எப்போது?

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு என்னிடம் வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். ஒரு பெண் மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த தாளில் 32 சவரன் நகை, ஒவ்வொன்றும் எத்தனை கிராம், குத்துவிளக்கு, கிரைண்டர், பித்தளை அண்டா வரை எழுதியிருந்தது. கடைசி வரி இது: "குழந்தை தாயிடம் இருக்கும். தகப்பன் அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்." பையனுக்கு அப்போது நான்கு வயது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"அவ்வப்போதுன்னா எப்போம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மேடம்."

அவர்கள் இருவரும் நேரில் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி, ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருந்தால் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். அதன்பின் ஆறு மாதக் காத்திருப்பு. பொருத்தமான வழக்குகளில் நீதிமன்றம் இதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "சீக்கிரம் முடியுமா?" என்பதுதான். குழந்தை இருந்தால் அவசரப்படாதீர்கள் என்பேன். குழந்தையைப் பற்றிய பகுதியை உருப்படியாக எழுதிவிட்டு அப்புறம் அவசரப்படலாம்.

"அஞ்சு வயசு முடிஞ்சா புள்ள அப்பாகிட்ட போயிடுமா?" இந்தப் பயத்தோடு வரும் தாய்மார்கள் அதிகம். ஐந்து வயது வரை குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் சொல்கிறது. ஐந்து முடிந்ததும் தானாக யாரிடமும் போய்விடாது. யாருக்குச் சம்பளம் அதிகம் என்பது மட்டும் இதைத் தீர்மானிப்பதும் இல்லை. நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனை. விவரம் புரிகிற வயது என்றால் அதன் விருப்பத்தையும் கேட்பார்கள். நீதிபதி தனியறையில் கூப்பிட்டுப் பேசுவதும் உண்டு. தயவுசெய்து குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். மனப்பாடம் செய்த பேச்சு இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அந்த நிமிடம் குழந்தை படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பணம். "புள்ளையைக் கண்ணில காட்டாதவளுக்கு நான் ஏன் பணம் கட்டணும்?" என்பார் அவர். "பணம் தராதவர் ஏன் பார்க்கணும்?" என்பார் இவர். இரண்டுமே தவறு. பார்க்கும் உரிமை வேறு, பராமரிப்புத் தொகை வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்த முடியாது. "எனக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் வேண்டாம்" என்று கோபத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். பிள்ளைக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. வழக்காகப் போனால், 2020-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும்.

சரி, அந்த ஒரு வரிக்கு வருவோம். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் கொண்டுவந்து விடுவது, காய்ச்சல் வந்தால் அதற்குப் பதில் எந்த நாள், தீபாவளி யாரிடம், பொங்கல் யாரிடம், கோடை விடுமுறை எப்படிப் பிரிப்பது, வீடியோ கால் எத்தனை மணிக்கு, பள்ளிக் கட்டணம் யார், பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து யார் என்று எல்லாமே எழுத்தில் வேண்டும். பின்னாளில் நிலைமை மாறினால், இந்து திருமணச் சட்டத்தின் 26-ம் பிரிவின்கீழ் மனுப்போட்டு உத்தரவை மாற்றக் கேட்கலாம். விவாகரத்து ஆன பிறகும் கேட்கலாம்.

அந்தத் தம்பதி மூன்று முறை வந்து உட்கார்ந்தார்கள். ஒரு வரி ஒன்றரைப் பக்கம் ஆனது. கையெழுத்துப் போடுமுன் கணவர் பேனாவை வைத்துவிட்டு, "இன்னொண்ணு சேர்த்துக்கலாமா?" என்றார். பள்ளி ஆண்டு விழாவுக்கு இருவரும் வரலாம். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "எழுதிக்குங்க மேடம்" என்றார்.