முதற்சான்றா, முதன்மை ஆதாரமா?

வரலாற்று வகுப்புக்கான கையேடுகளிலும் மாணவர் ஒப்படைவுகளிலும் 'முதன்மை ஆதாரம்' என்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதற்கு ஜோடியாக வரும் 'இரண்டாம் தர ஆதாரம்' இன்னும் மோசம். பிரைமரி சோர்ஸ், செகண்டரி சோர்ஸ் இரண்டையும்தான் இப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

பொருள் எளிது. நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே, அல்லது அதில் இருந்தவராலேயே உண்டான கல்வெட்டு, செப்பேடு, காசு, கடிதம், நாட்குறிப்பு எல்லாம் பிரைமரி. அவற்றை வைத்துப் பின்னால் ஒருவர் எழுதுவது செகண்டரி. சோர்ஸ் பழைய பிரெஞ்சுச் சொல், ஊற்று என்று பொருள். பிரைமரிக்கு வேர் லத்தீன், 'முதல்'. சரி, பிறப்புக் கதை இவ்வளவு போதும்.

முதன்மை என்றால் தமிழில் தலைமை. முதன்மைக் கல்வி அலுவலர், முதன்மைச் செயலாளர் என்று கேட்டுப் பழகிய பிள்ளை, முதன்மை ஆதாரம் என்றதும் இருப்பதிலேயே பெரியது, சந்தேகப்படக் கூடாதது என்றுதான் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் தரம் என்றால் மட்டமான சரக்கு. அப்படியானால் நீலகண்ட சாஸ்திரி சோழர்களைப் பற்றி எழுதியது மட்டமா?

இதனால் வகுப்பில் என்ன ஆகிறது என்றால், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை ஒரு மாணவர் படித்துக்காட்டி, சோழர் காலத்தில் மக்களாட்சி இருந்தது, இதோ முதன்மை ஆதாரம் என்று முடித்துவிடுகிறார். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியவை அவை. 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும் என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டிலேயே இருக்கிறது. பிராமணர் ஊரின் சபைக்கு எழுதிய விதி அது. விதி இருந்தது என்பதற்குச் சான்று, அதன்படி நடந்தார்கள் என்பதற்கு அல்ல. மெய்க்கீர்த்திகளும் அப்படித்தான். அரசன் தன் பெருமையைத் தானே வெட்டிவைத்தது காலத்தால் முதல், உண்மையில் முதல் என்று யார் சொன்னது? ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும், காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்தது' என்றால் என்ன என்று அறிஞர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள்.

ஆதாரம் என்ற சொல்லும் இங்கே சரிப்படாது. வடசொல் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆதாரம் என்றாலே ஒன்று நிரூபணமாகிவிட்ட தொனி வருகிறது. சான்று அப்படியல்ல, சான்று சொன்னவரைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். வகுப்பில் பழக வேண்டியது அதுதானே. 'மூல ஆவணம்' என்போரும் உண்டு. ஆவணம் எழுத்தில் இருப்பது, அப்படியானால் எழுத்தில்லாத பானைச் சில்லை எங்கே வைப்பது?

என் தேர்வு முதற்சான்று, வழிச்சான்று. முதல்நூல், அதைப் பின்பற்றி எழுந்த வழிநூல் என்று நன்னூல் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த ஜோடி புதிதே இல்லை. வழிநூலை யாரும் மட்டமான நூல் என்று நினைத்ததும் இல்லை. இன்னொன்று, தொல்காப்பியத்தில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். ஒரு சான்றைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் இரண்டு கேள்விகளும் அவைதான், எங்கே, எப்போது.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள், அந்தச் சொல் வகுப்பில் என்ன வேலை செய்யப் போகிறது என்று பார்ப்பதே இல்லை. அப்புறம், இன்னொரு கொடுமை. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் இருந்து எழுதிய நாட்குறிப்பு தமிழிலேயே அச்சில் உண்டு. அதை விட்டுவிட்டு, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்த ஆங்கிலப் பதிப்பிலிருந்து ஒரு பத்தியை மறுபடி தமிழாக்கி, மேலே 'முதன்மை ஆதாரம்' என்று தலைப்புப் போட்டு மாணவர் கையில் கொடுக்கிறார்கள். பிள்ளை எழுதிய பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழ் அதில் ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது. அந்தத் தாளை ஆய்ந்து அவர் நடையைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர் எதை எழுதுவார்?