கவிகை: கேனப்பிக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

“கேனப்பி மூடுவதற்குள் களைக்கொல்லி தெளித்துவிட வேண்டும்” என்று வேளாண்மைப் பயிற்சிகளில் சொல்லப்படும் கேனப்பி, பயிரின் இலைகள் ஒன்றோடொன்று கூடி மண்ணுக்கு மேல் அமைக்கும் மூடலைக் குறிக்கும். காவிரி டெல்டாவில் “பயிர் மூடிக்கொண்டது” என்றாலே போதும், பொருள் விளங்கிவிடும்.

கொசுவைக் குறிக்கும் கோனோப்ஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து, கொசுவலை கட்டிய கட்டிலுக்குக் கோனோபேயோன் என்ற பெயர் பிறந்தது. அது இலத்தீனையும் பிரெஞ்சையும் கடந்து ஆங்கிலத்தைச் சேர்வதற்குள் கொசு பறந்துபோய், மேலே கவிந்த துணி மட்டும் பொருளாக நின்றது. சம்பா வயலில் கொசுவுக்குக் குறைவில்லை என்பது வேறு செய்தி.

தமிழில் பலர் விதானம் என்று எழுதுகின்றனர். மேற்கட்டியை நினைவூட்டும் அச்சொல்லில் அழகு உண்டு, செயல் இல்லை. கவிதல் என்னும் வினையிலிருந்து வந்த கவிகையோ குடையைக் குறிக்கும். “கவிகைக்கீழ்த் தங்கும் உலகு” என்கிறது 389ஆம் குறள். குடை வெயிலை மறைப்பதோடு மழையையும் தடுப்பதால், ஒளியை மறைப்பது, தெளிப்புத் துளியைத் தடுப்பது என்ற இலைமூடலின் இரு வேலைகளையும் இந்த ஒரு சொல்லே தாங்குகிறது.

பச்சை இலைகள் சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பொளியைப் பெரிதும் கீழே விடுவதால், ஒளிபட்டால்தான் முளைக்கும் களை விதைகள் அந்த மாற்றத்தை உணர்ந்து உறங்கியே கிடக்கின்றன. முளைத்த கோரையும் நிழலில் கிழங்கு குறைந்து மெலிகிறது. நேரடி நெல் விதைப்பில் நெல்லும் களையும் ஏறக்குறைய ஒன்றாகவே முளைப்பதால் இந்தக் குடை விரியுமுன்பே போட்டி தொடங்கிவிடுகிறது. நடவு வயலில் நாற்றுக்கு முன்தொடக்கம் கிடைக்கிறது.

அதே குடை தெளிப்புத் துளிகளையும் மேலேயே பிடித்துக்கொள்ளும். பிஸ்பைரிபாக் சோடியம் போன்ற, முளைத்த களைக்கான மருந்தைக் களை இளமையாக இருக்கும்போதே, வயல் நீரை வடித்துவிட்டுத் தெளிக்கச் சொல்வது, அது களையின் இலையில் படவேண்டும் என்பதற்காகத்தான். துளி கீழே இறங்கினாலும் கணக்கு எளிதன்று: நிழலில் வளர்ந்த இலையின் மேற்தோல் மெல்லியதாக இருப்பதால் மருந்து எளிதாக நுழையலாம், ஆனால், சர்க்கரையோடு சேர்ந்து வேருக்கு இறங்கும் வகை மருந்துக்கு, ஒளி குறைந்து சர்க்கரை ஓட்டமும் தளரும் திருவையாற்று வாழைத்தோப்பின் நிழல் தடையாகலாம்.

குடையோடு குழம்பும் இடங்களில் இலைக்கவிகை என்றே எழுதலாம். கேனப்பி மூடும் பருவத்தைக் கவிகை கூடும் பருவம் எனலாம்.