வண்டி சூடானால் நிற்கிறதா? கார்புரேட்டரைத் தொடாதீர்கள்

பொள்ளாச்சியிலிருந்து ஓர் அண்ணன் போன மாதம் தன் பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிளின் மேக்டைனோவை, அதாவது ப்ளக்குக்குப் பொறியும் லைட்டுக்குக் கரண்டும் தரும் பாகத்தை, துணியில் சுற்றி, அதைப் பழுது பார்க்கும் என்னிடம் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போருக்காக பிர்மிங்காமில் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட 500 சிசி வண்டி அது. அவர் தாத்தா ஏலத்தில் எடுத்ததாம். காலையில் இரண்டே உதையில் ஸ்டார்ட் ஆகும். பத்து, பதினைந்து கிலோமீட்டர் போனதும் இருமி நின்றுவிடும். அரை மணி நேரம் மர நிழலில் நிறுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும்.

"கார்புரேட்டரை மூணு தடவை கழற்றியாச்சு தம்பி. பேட்டரியும் புதுசு" என்றார்.

பேட்டரியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாலும் அந்த வண்டி ஓடும். மேக்டைனோவில் கீழே மேக்னெட்டோ, அதன் முதுகில் டைனமோ. டைனமோ லைட்டுக்கும் பேட்டரிக்கும் மட்டும்தான். ப்ளக்குக்கு வேண்டிய கரண்டை மேக்னெட்டோ தானே உண்டாக்கிக்கொள்ளும்.

உள்ளே நடப்பது இதுதான். காந்தத்தின் நடுவில் ஆர்மேச்சர் சுற்றுகிறது. அதில் தடித்த கம்பியில் கொஞ்சம் சுற்று, அதன் மேல் தலைமுடி போல மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் கரண்ட் உச்சத்தில் இருக்கும்போது பாயிண்ட், அதாவது கரண்டை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை, திறக்க வேண்டும். கரண்ட் சட்டென்று அறுந்தால்தான் மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். அதைச் சட்டென்று அறுக்க உதவுவது கண்டன்சர். அது வெளியே இல்லை, ஆர்மேச்சரின் உள்ளேயே ஒளிந்திருக்கிறது. கோளாறை யாரும் கண்டுபிடிக்காமல் போவதற்குக் காரணமும் அதுதான்.

பழைய கண்டன்சர்களில் பெரும்பாலானவை உலோகத் தாளும் மெழுகு ஏற்றிய காகிதமும் மாற்றி மாற்றி வைத்துச் செய்தவை. எழுபது, எண்பது வருஷத்தில் காகிதத்தில் ஈரம் ஏறிவிடும். குளிர்ந்திருக்கும்போது சமாளிக்கும். இன்ஜின் சூடு ஏறினால் கசியத் தொடங்கும். பாயிண்ட் திறந்த பிறகும் கரண்ட் அந்த வழியாக ஓடும், ப்ளக்கில் பொறி செத்துவிடும். ஆறினால் கசிவு குறையும், வண்டி எடுக்கும். சூட்டில் நின்று ஆறியதும் ஓடும் வண்டி என்றால் என் முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான். இருட்டில் பாயிண்டைப் பாருங்கள். அங்கே பொறி பளிச்சென்று பறந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். தடித்த கம்பிச் சுற்று கண்டன்சருக்குக் குறுக்கே நிற்பதால் வெளியிலிருந்து அளந்தால் ஒன்றும் தெரியாது. ஆர்மேச்சரைப் பிரித்து, கண்டன்சரைத் தனியாக்கி, மெகர் (அதிக வோல்ட் கொடுத்துக் கசிவை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். நான் சூடாக்கியும் ஒரு தடவை பார்ப்பேன்.

அந்த அண்ணனின் ஆர்மேச்சரில் இன்னொரு கோளாறும் இருந்தது. லூகாஸ் கம்பெனி அந்தக் காலத்தில் காயிலுக்கு அரக்கு பூசியது. உலகத்துக்கு அரக்கு கொடுத்ததில் பெரும்பங்கு இந்தியாவுடையது, நம் மரத்துப் பூச்சி தந்த பொருள்தான். சூட்டில் அது இளகி வெளியே வழிந்து, ஆர்மேச்சருக்கும் காந்த முனைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியை அடைத்துவிடும். சில மேக்னெட்டோ இதிலேயே இறுகி நின்றுவிடும். இப்போது எபாக்ஸி ஏற்றிப் புதிதாக வைண்டிங் கட்டி, இந்தக் காலத்து ஃபிலிம் கண்டன்சர் வைத்தால் இந்த இரண்டு தொல்லையும் போய்விடும். வெளித்தோற்றம் துளிகூட மாறாது. பாயிண்டுக்குப் பின்னால் சின்ன கண்டன்சர் ஒன்றை வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. பழையது கசிந்துகொண்டிருந்தால் அதனால் பிரயோஜனம் இல்லை, பழையதைத் துண்டித்தே ஆக வேண்டும்.

எனக்கு மனசு கனப்பது வேறு விஷயத்தில். அவசரத்துக்கு என்று சொல்லி ஆர்மேச்சரை உருவிக் காயலான் கடைக்கு எடை போட்டுவிட்டு, வெளியே காயிலும் பேட்டரியும் மாட்டிக் கொடுக்கிறார்கள். வண்டி ஓடும், சரி. ஆனால் அதோடு வந்த பாகம் போனது போனதுதான். அதைத் தேடிக்கொண்டு பல வருஷம் கழித்து என்னிடம் வருகிறார்கள்.

பிரிப்பதிலும் கவனம் வேண்டும். ஆர்மேச்சரை இழுக்கும் முன் ப்ளக் ஒயர் மாட்டும் பிக்கப்பையும், ஆர்மேச்சரை உடலோடு இணைக்கும் எர்த் பிரஷ்ஷையும், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சேஃப்டி கேப் திருகையும் கழற்றியாக வேண்டும். மறந்து இழுத்தால், ப்ளக்குக்கான கரண்டை பிக்கப்புக்குக் கடத்தும் ஸ்லிப் ரிங்கின் விளிம்பு சில்லு சில்லாக உடையும். பேரிங்கின் வெளிவளையத்தைச் சுற்றி ஒரு காகிதம் இருக்கும். அதைக் குப்பை என்று நினைத்துத் தகரம் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் பேரிங் வழியாகப் போகாமல் எர்த் பிரஷ் வழியாகப் போகத்தான் அந்தக் காகிதம். ப்ளக் ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டு கிக்கரை உதைக்கவும் கூடாது. போக வழியில்லாத வோல்டேஜ் காயிலின் இன்சுலேஷனைத் துளைக்கப் பார்க்கும். ப்ளக்கை ஒயரில் மாட்டி, ஹெட்டில் எர்த் செய்துவிட்டு உதையுங்கள். பாயிண்ட் இடைவெளி 12 தௌ (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு).

டைனமோ இவ்வளவு படுத்தாது. அதன் டி, எஃப் என்ற இரண்டு இணைப்பு முனைகளையும் சேர்த்து, அங்கே 6 வோல்ட் பேட்டரியின் ஒரு முனையையும், உடலில் மறுமுனையையும் கொடுத்தால் மோட்டார் மாதிரி சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் பிரஷ்ஷையும், அது உரசும் செம்பு வளையமான காமுட்டேட்டரையும் பாருங்கள். ஐம்பதுகளின் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். அது தெரியாமல் மாற்றி இணைத்துக் கெடுத்தவர்கள் நிறைய.

எனக்கு அனுப்பும்போது எதையும் கழுவ வேண்டாம், பெட்ரோலில் ஊறப்போடவும் வேண்டாம். உடைந்த பிரஷ், துருப்பிடித்த திருகு, பாதி மூடி, எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு அனுப்புங்கள். ஆர்மேச்சரை ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்டீர்களா? காந்தம் வலு இழக்காமல் இருக்க, காந்த முனைகளுக்கு நடுவே ஓர் இரும்புத் துண்டை இறுக்கமாக வைத்து அனுப்புங்கள்.