எந்த ஸ்கேன், எந்தப் பக்கத்திலிருந்து?

"ஸ்கேன் எடுத்துப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லையாம்" என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால், "என்ன ஸ்கேன்?" என்று கேட்டுவிடுவேன். பலருக்கு அது பிடிப்பதில்லை. நான் மருத்துவனும் இல்லை, இயற்பியல் பேராசிரியன். என் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேஜையில் எலும்புத் துண்டுகள், அடுத்ததில் வெல்டிங் செய்த எஃகுத் தகடுகள். இரண்டையும் ஊடுருவிப் பார்த்தே காலம் போய்விட்டது.

அந்தத் தகடுகளில் ஒன்று நானே குறையோடு செய்யச் சொன்னது. பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் உலோகம் உருகி ஒட்டாமல் விட்ட இடம். வெல்டிங்காரர்கள் 'லாக் ஆஃப் ஃபியூஷன்' என்பார்கள். ஒரு மாணவர் அதை எக்ஸ்-ரே எடுத்து வந்து, "சார், சுத்தமா இருக்கு" என்றார். தகட்டைச் சாய்த்து வைத்து இன்னொன்று எடுக்கச் சொன்னேன். முப்பது டிகிரி வாக்கில், மயிரிழை போல் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

காரணம் எளிது. கதிர் அந்த இடுக்கின் நீளவாக்கிலேயே போனால் வழியில் உலோகம் குறைவு, ஃபிலிம் அங்கே கறுக்கும். குறுக்கே போனால் கடப்பது மெல்லிய இடைவெளி மட்டும், வித்தியாசமே தெரியாது. அல்ட்ராசவுண்ட் இதற்கு நேர்மாறு. குறுக்கே நிற்கும் பரப்பில் மோதித்தான் எதிரொலிக்கும். விரிசல் ஒலியின் திசையிலேயே கிடந்தால் நழுவிப் போய்விடும்.

உடம்பிலும் இதே கதைதான். அடிபட்ட கையை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுப்பது பில்லை ஏற்றுவதற்காக இல்லை. மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பில் விரிசல் விட்டால் முதல் நாள் படத்தில் தெரியாமலே போகலாம். அதனால்தான் வலி விடாதவர்களை பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்தால் சாதாரண எக்ஸ்-ரே அதைக் காட்டாது, எம்.ஆர்.ஐ. வேண்டும்.

'அப்படியானால் எல்லாவற்றுக்கும் சி.டி. எடுத்துவிடலாமே' என்று கேட்பவர்களும் உண்டு. பல கோணங்களிலிருந்து எக்ஸ்-ரே எடுத்துக் கணினியால் சேர்ப்பதுதான் சி.டி. சி.டி.யை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு ஒரு பொறியாளர். பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றின் அடித்தளத்தில் காமாக் கதிரை வைத்து அவர் எடுத்த முதல் சோதனைப் படத்துக்கு ஒன்பது நாள் ஆனது. என் அலுமினிய வார்ப்பையும் அப்படி ராத்திரி முழுக்கக் கதிரில் வைக்கலாம், அது முனகாது. படத்தில் மணல் தூவியது போல் தெரியும் பொரிப்பொரியைப் பாதியாகக் குறைக்க கதிரளவு நான்கு மடங்கு வேண்டும். மனிதரிடம் அந்தத் தாராளம் நடக்காது. உடம்பு வாங்கும் கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். நெஞ்சு எக்ஸ்-ரே ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட், வயிற்று சி.டி. 8, 10 வரை போகும். இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 வாங்குகிறோம். தேவையான சி.டி.யைப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். ஆனால் மருத்துவர் கேட்காமல் நாமாகப் போய் எடுத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்தக் கதிர்வீச்சு கிடையாது.

பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, படமே வேண்டும். ஒப்பிட ஒன்று கையில் இருந்தால் புதிதாக எடுக்கும் வேலையே சில சமயம் மிச்சமாகும். கர்ப்பம் இருக்கலாம் என்றால் உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள். "மூச்சை அடக்குங்க" என்றால் அடக்குங்கள். அசைந்த படத்தை எந்தக் கணினியும் முழுசாகச் சரிசெய்யாது.

அந்தத் தகடு இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் வாரம் அதைத்தான் கொடுக்கிறேன். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை.