மணல்ல தோரியம் கெடக்குதே, அப்புறம் ஏன் எண்ணூர்ல இன்னும் நிலக்கரி?

எர்ணாவூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு: "ஏன்ணா, கன்னியாகுமரி பக்கம் கடற்கரை மணல்லயே தோரியம் கெடக்குதாமே, அத்த எடுத்து கரண்ட் பண்ணாம இன்னும் இன்னாத்துக்கு இங்க நிலக்கரிய கொளுத்தினு கீறாங்க?" கூடவே ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு, தோரியத்தை எடுத்தா ஆயிரம் வருஷத்துக்கு ஃப்ரீ கரண்ட்னு. கேள்வி ரொம்ப நியாயம், கொசஸ்தலை ஆத்துல சாம்பல் படிஞ்சு கெடக்குறத தினம் பாக்குறவங்க கேக்காம வேற யாரு கேப்பாங்க. ஃபார்வர்டு மட்டும் டுபாக்கூர்.

மணவாளக்குறிச்சி மணல்ல மோனசைட்னு ஒரு கனிமம் இருக்கு, அதுல தோரியம் இருக்கு, இதெல்லாம் உண்மைதான். ஆனா தோரியம் தானா பத்திக்காது. யுரேனியம்-235 மேல ஒரு நியூட்ரான் பட்டா ரெண்டா ஒடைஞ்சு சூட்டையும் புது நியூட்ரானையும் வெளிய விடும், தோரியம் அத முழுங்கிட்டு சும்மா உக்காந்துக்கும். அப்புறம் மெதுவா புரோட்டாக்டினியமா மாறி (அதோட அரை ஆயுள், அதாவது பாதி மாறுறதுக்கு ஆகுற நேரம் மட்டுமே 27 நாள்) கடைசில யுரேனியம்-233 ஆகும், அதுதான் ஒடையுற சரக்கு. அப்போ மொதல்ல முழுங்கக் குடுக்குற நியூட்ரான் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்குத்தான் அணு விஞ்ஞானி ஹோமி பாபா 1954லயே மூணு கட்டமா ஒரு திட்டம் போட்டாரு.

மொதல் கட்டம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இயற்கை யுரேனியத்துல ஓடுற உலை, கல்பாக்கத்துல 80கள்ல இருந்து இருக்குற 220 மெகாவாட் யூனிட் ரெண்டும் அந்த வகை. இயற்கை யுரேனியத்துல 0.7 சதவீதம்தான் ஒடையுற 235, மிச்சம் 99.3 சதவீதம் யுரேனியம்-238, பெரும்பாலும் வேடிக்கை பாக்குற கூட்டம். ஆனா அதுலயும் கொஞ்சம் நியூட்ரானை முழுங்கி சீக்கிரமே நெப்டியூனியமாகி, அப்புறம் ரெண்டு மூணு நாள்ல புளூட்டோனியம்-239 ஆயிடும். எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள்ல இருந்து அதப் பிரிச்சு எடுத்தா ரெண்டாம் கட்டத்துக்கு மூலதனம் ரெடி.

எனக்குப் புடிச்ச எடம் இந்த ரெண்டாம் கட்டம்தான், ஃபாஸ்ட் பிரீடர். எரிக்கிறத விட அதிகமா எரிபொருள் செய்யுற உலைன்னு சொன்னா ஏதோ மோசடி ஸ்கீம் மாதிரி கேக்கும், ஆனா நியூட்ரான் கணக்கப் பாத்தா புரியும். ஒரு புளூட்டோனியம் ஒடைஞ்சா சராசரியா 2.9 நியூட்ரான் வெளிய வரும். ஒன்னு அடுத்த அணுவ ஒடைக்கப் போயிடணும், இல்லன்னா உலை அணைஞ்சிடும். இன்னொன்னு ஒரு யுரேனியம்-238க்குள்ள போய் எரிஞ்சதுக்குப் பதிலா புதுசா ஒரு புளூட்டோனியம் செய்யணும். மிச்சம் 0.9. அதுலதான் வெளிய ஓடிப்போறது, ஸ்டீல் முழுங்குறது, புளூட்டோனியமே ஒடையாம வெட்டியா முழுங்குறதுன்னு எல்லா செலவும் போகணும், அதுக்கப்புறமும் கொஞ்சம் மிஞ்சினாத்தான் லாபம்.

இந்த வெட்டிச் செலவு மெதுவான நியூட்ரான்ல ரொம்ப அதிகம், கிட்டத்தட்ட நாலுல ஒரு தடவ புளூட்டோனியம் அத முழுங்கிட்டு ஒடையாமயே இருந்துடும், வேகமான நியூட்ரான்னா அந்த நஷ்டம் குறையும், அதனால வேகத்தக் கொறைக்கவே கூடாது, அப்போ சூட்ட வெளிய எடுக்கத் தண்ணி ஊத்த முடியாது. ஏன்னா தண்ணில ஹைட்ரஜன் இருக்கு, அதோட எடையும் நியூட்ரான் எடையும் ஏறக்குறைய ஒன்னு. கேரம் போர்டுல ஒரு காய் இன்னொரு காய் மேல நேரா மோதினா மோதுன காய் அங்கயே நின்னுடும், அதுவே கனமான ஸ்ட்ரைக்கர் மேல மோதினா எகிறித் திரும்பி வரும் இல்லையா, அதே கததான். சோடியம் அணு நியூட்ரானை விட 23 மடங்கு கனம், அதனால வேகம் பெருசா போகாது. 98 டிகிரில உருகி 883 டிகிரி வரைக்கும் கொதிக்காம ஓடும், சூட்டையும் நல்லா கடத்தும். ஒரே வில்லங்கம், சூடா இருக்கும்போது காத்தோ தண்ணியோ பட்டா தீப்புடிக்கும், ஆனா டர்பைனுக்கு நீராவி வேணுமே, அதனால சோடியத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல இருக்குறது ஸ்டீம் ஜெனரேட்டரோட மெல்லிசான குழாய்ச் சுவர் மட்டும்தான். அதுல ஒரு வெல்டிங் கூட சொதப்பக்கூடாது. ஜப்பானோட மோன்ஜு உலைல 1995ல சோடியம் கசிஞ்சு தீப்புடிச்சு, அதுக்கப்புறம் அது உருப்படியா ஓடவே இல்ல. ஆனா ரஷ்யாவோட பிஎன்-600 பிரீடர் 1980ல இருந்து ஓடுது.

கல்பாக்கத்துல 500 மெகாவாட் பிரீடர் கட்ட ஆரம்பிச்சது 2004ல, கோர், அதாவது உலையோட நடுப்பகுதிய நிரப்புற வேலைய தொடங்கி வச்சது 2024 மார்ச்ல. இருபது வருஷம்! கிண்டல் பண்றவங்க பண்ணுங்க, ஜிடிபில ஒரு சதவீதம் கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்காத நாட்டுல இது இவ்ளோ தூரம் வந்ததே பெரிசுன்னு நான் சொல்வேன். பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குறதுல காட்டுற அக்கறைய ஸ்டூடன்ட்ஸ் ஸ்டைபெண்டுலயும் காட்டினா நல்லாருக்கும்.

இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ஒவ்வொரு தடவையும் மிஞ்சுற லாபம் துளிதான், இன்னொரு உலைக்கு வேண்டிய புளூட்டோனியம் சேரவே பல வருஷம் ஆகும். அப்படி நெறைய பிரீடர் வந்தப்புறம்தான் அதச் சுத்தி தோரியத்த வச்சு யுரேனியம்-233 செய்ய முடியும், அத வச்சு உலை ஓட்டுறதுதான் மூணாம் கட்டம். இப்போதைக்கு அந்த எரிபொருள்ல ஓடுறது கல்பாக்கத்துல இருக்குற காமினி, 30 கிலோவாட், ஆராய்ச்சிக்கு மட்டும். 2047க்குள்ள 100 கிகாவாட் அணுமின்சாரம்னு 2025 பட்ஜெட்ல இலக்கு வச்சிருக்காங்க, அது வந்தாலும் பெரும்பகுதி யுரேனியத்துலதான் வரும். பகல்ல சோலார் மலிவு, ராத்திரிக்கு பேட்டரியோ அணுவோ நிலக்கரியோ ஏதாவது ஒன்னு நிக்கணும், அந்த எடத்துக்குத்தான் போட்டி.

தம்பி, அத்திப்பட்டு பக்கம் 800 மெகாவாட் அனல் யூனிட் தொறந்ததும் அதே 2024 மார்ச்லதான். அந்த மாதிரி யூனிட் எல்லாம் குறைஞ்சது 25 வருஷம் ஓடும்னு கணக்குப் போட்டுத்தான் கட்டுறாங்க, தோரியம் அதுக்குள்ள வந்து அத மூடப் போறதில்ல, அதனால சாம்பல் பைப்ப ஒழுங்கா பராமரிக்கச் சொல்லி இப்பவே மனு போடுங்க.