காட்டுக்கு யார் விலை போடுவது?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “குறுக்குத் தீவு ரயில்பாதையை மெக்ரிச்சி பக்கத்துக் காட்டைச் சுற்றிக் கொண்டுபோனால் 200 கோடி வெள்ளி கூடுதலாகும் என்று கணக்குச் சொன்னார்கள். 2019இல் காட்டுக்கு அடியிலேயே, 70 மீட்டர் ஆழத்தில் போவதாக முடிவும் ஆகிவிட்டது. ரயிலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. காட்டுக்கு எங்கே கணக்கு? அதற்கு விலை போடுகிறவர்கள் உத்தேசமாகத்தானே அடித்துவிடுகிறார்கள்?”

உத்தேசம்தான் அம்மா, மறுக்கவில்லை. 1997இல் ராபர்ட் கோஸ்டான்ஸாவும் கூட்டாளிகளும் உலகத்து இயற்கை நமக்குச் செய்துதரும் வேலைகளுக்கெல்லாம் சேர்த்து விலை போட்டார்கள். ஆண்டுக்கு 16 முதல் 54 லட்சம் கோடி அமெரிக்க டாலர், சராசரி 33. தேக்கா சந்தையில் மீன் விலை கேட்டு, “கிலோ 16 வெள்ளி, இல்லாவிட்டால் 54 வெள்ளி” என்று பதில் வந்தால் அந்தக் கடையில் நிற்போமா?

காடு என்ன வேலை செய்கிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். மழையை உறிஞ்சி மெதுவாக விடுகிறது, மண்ணைப் பிடித்துவைக்கிறது, ஊரைக் குளிர்விக்கிறது, காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை இழுத்துச் சேமிக்கிறது. மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காடு இருப்பதே தண்ணீருக்காகத்தான். இதில் சிலவற்றுக்கு விலை போடலாம்: இதே தண்ணீரை இயந்திரம் வைத்துச் சுத்தப்படுத்த எவ்வளவு ஆகும் என்று பார்த்தால் போதும். ஆனால் காட்டுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது எதை வைத்து விலை போடுவது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தெரியாமல் இருப்பதற்கே ஒரு விலை உண்டு. 1974இல் கென்னத் ஆரோ, அந்தோணி ஃபிஷர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் பிரான்ஸின் கிளாட் ஹென்றியும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்.

சின்னக் கணக்காகப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. ஒரு துண்டுக் காடு. இன்றைக்கே வெட்டி வீடு கட்டினால் 100 லாபம், நிச்சயம். வெட்டாமல் விட்டால் அந்தக் காடு 160 பெறலாம், அல்லது வெறும் 20தான் பெறலாம். நாணயம் சுண்டுவதுபோலப் பாதிக்குப் பாதி. சராசரி 90. தொண்ணூற்றைவிட நூறு பெரிது. வெட்டு.

இந்தக் கணக்கைப் போட்டவர் ஒன்றை மறந்துவிட்டார். காட்டை இன்றைக்கு விட்டுவைத்தால் நாளைக்கும் வெட்டலாம். வெட்டிய காட்டை நாளைக்கு முளைக்கவைக்க முடியாது. அதனால் பத்து வருடம் பொறுத்து, அதற்குள் உண்மையைத் தெரிந்துகொள்கிறோம் என்று வையுங்கள். காடு 160 பெறும் என்று தெரிந்தால் வைத்துக்கொள்வோம். 20தான் என்று தெரிந்தால் வெட்டிக் கட்டி 100 எடுத்துக்கொள்வோம். இப்போது சராசரி 130. பொறுத்ததற்காக 15 செலவென்று கழித்தாலும் 115 நிற்கிறது. இன்றைக்கே வெட்டினால் கிடைக்கிற நூறைவிட அதிகம்.

இனிமேல்தான் வேடிக்கை. சந்தேகத்தைக் கூட்டிப் பாருங்கள். காடு 180 பெறும் அல்லது ஒன்றுமே பெறாது. சராசரி பழைய 90தான். ஆனால் பொறுத்திருந்தால் 180 அல்லது 100, சராசரி 140! தெரியாமை கூடியதும் காத்திருப்பதன் மதிப்பும் கூடிவிட்டது. நஷ்டப் பக்கம் எவ்வளவு ஆழமானாலும் நமக்கு நூறு என்ற தரை இருக்கிறது. லாபப் பக்கத்துக்குக் கூரை கிடையாது. “காட்டின் மதிப்பு சரியாகத் தெரியவில்லை, ஆகவே வெட்டலாம்” என்கிற வாதம் இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது. இதை முதன்முதலாகப் படித்த அன்று ராத்திரி நான் தாளில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வரவுசெலவுக் கணக்கு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

கற்பனை எண் போதும், நிஜக் கதை ஒன்று. 1987இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் ஆய்வுக் கழகத்துக்காகச் மலேசியாவின் சரவாக் காட்டில் ஒரு பிந்தாங்கோர் மரத்தின் இலையும் சுள்ளியும் சேகரித்தார்கள். பிந்தாங்கோர் நம் புன்னையின் பங்காளி. சங்கப் பாட்டில் ஒரு பெண் தங்கையாக நினைத்த அதே புன்னைதான். சோதனையில் அந்தச் சாறு எச்ஐவி கிருமியைத் தடுத்தது. பொருளுக்குக் கலனோலைட் ஏ என்று பெயர். இன்னும் கொஞ்சம் இலை வேண்டுமென்று திரும்பிப் போனால் மரம் இல்லை, வெட்டிவிட்டார்கள். அக்கம்பக்கத்து மரங்களில் தேடியதற்கு அந்தப் பொருள் சரியாகக் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்த இடம் நம் பூமலை, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா! நூறாண்டுக்கு முன்னால் ஆங்கிலேயர்கள் நட்டுவைத்த மரம் அங்கே நின்றுகொண்டிருந்தது. நட்டவருக்கு எச்ஐவி என்ற ஒன்று வரப்போவதே தெரியாது. கலனோலைட் இன்றுவரை மருந்துக்கடை மாத்திரையாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாணயம் எந்தப் பக்கம் விழும் என்று பார்க்கிற வாய்ப்பாவது மிஞ்சியது.

மேலே போட்ட கணக்கில் ஒரு நிபந்தனை இருந்தது, கவனித்தீர்களா? பத்து வருடத்துக்குள் உண்மை தெரியவேண்டும். யாரும் காட்டுக்குள் போகவில்லை, பூச்சியை எண்ணவில்லை, நீரோடையை அளக்கவில்லை என்றால் பத்தாவது வருடமும் 90க்கு எதிரே 100தான் நிற்கும். அப்போதும் வெட்டத்தான் போகிறோம்; 15 தண்டம், மிச்சம் 85. ஆகவே ஆராய்ச்சிக்குப் பணம் தராமல் “காட்டை அப்படியே விட்டுவைப்போம்” என்பது பாதி வேலைதான். தவளையை எண்ணுகிற ஆய்வு மாணவருக்குக் கொடுக்கிற சம்பளம் தருமம் அல்ல. அந்த 130ஐ உண்டாக்குவதே அவர்தான். மரத்தில் சாமி முகம் தெரிகிறது என்று ஃபோர்-டி லாட்டரிக்கு எண் கேட்க வரிசையில் நிற்கிற கூட்டத்தில் பத்தில் ஒருவர் அந்த மரத்தின் பெயரைக் கேட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

சிங்கப்பூர் ஒருமுறை இந்தக் கணக்கை நிஜமாகவே வாழ்ந்து பார்த்தது. புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் இருக்கும் கடலோரம், செக் ஜாவா. சதுப்புநிலக் காடு, கடற்புல், மணல்திட்டு எல்லாம் ஒரே இடத்தில். அதை மண்கொட்டி நிலமாக்கப் போகிறார்கள் என்றதும் 2001இல் தன்னார்வலர்கள் ஓடிப்போய் அங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்தார்கள். 2002 ஜனவரியில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. கைவிட்டதாகச் சொல்லவில்லை, கட்டுமானத்துக்கு உபின் தேவைப்படாதவரைக்கும் தள்ளிவைப்பு. ஆரோவும் ஃபிஷரும் கேட்டிருந்தால் அந்த வாசகத்துக்குக் கைதட்டியிருப்பார்கள். 2007 தொடக்கத்தில் ஜொகூர் வெள்ளத்தின் நன்னீர் வந்து கலந்து அங்கே கடலுயிர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவந்தன. இவ்வளவு பெரிய அடி வாங்கியும் அந்த இடம் எழுந்துகொள்ளும் என்பது 2001இல் யாருக்கும் தெரியாது. அதே 2007இல் மரநடைபாதை போட்டுத் திறந்தார்கள். சாங்கி வில்லேஜ் படகுத்துறையில் பம்போட் ஏறினால் உபின், அங்கிருந்து சைக்கிள். நீர் வடிகிற நேரம் பார்த்துப் போங்கள்.